பதினொன்றுக்கு ஆறு

வயிற்றுவலி என்று நாலைந்து நாளாக அழும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேடசந்தூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறுகிற அம்மாவின் கையில், மதியத்துக்குள் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. கல்லீரல் நன்றாக இருக்கிறது. பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் சரி. குடல்வால் வீங்கவில்லை. கடைசிக்கு முந்தின வரிதான் வயிற்றைக் கலக்குகிறது: குடலைத் தாங்கும் சவ்வில் சில நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றன, அவற்றில் பெரியது 11-க்கு 6 மி.மீ. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரியில் படிக்கிற தம்பியோ அண்ணன் மகனோ அந்த ஆங்கில வரியைக் கைபேசியில் தட்டிப் பார்த்துவிடுகிறான். திரையில் வரும் நோய்ப் பட்டியலில் சாதாரணக் கிருமித்தொற்றும் இருக்கிறது, காசநோயும் இருக்கிறது, நிணநீர்ப் புற்றுநோயும் இருக்கிறது. கண் போய் நிற்பது மூன்றாவதில்.

"டாக்டர், பையனுக்கு வயித்துக்குள்ள நெறி கட்டியிருக்குன்னு போட்டிருக்காம். பெரிய வியாதி ஏதும் இருக்குமோன்னு பயமா இருக்கு."

"நல்லா சாப்பிடுறானாம்மா? காய்ச்சல் இருக்கா? எடை ஏதும் குறைஞ்சிருக்கா?"

"போன வாரம் ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுச்சு, சளியும் இருந்துச்சு. இப்ப இல்லங்க. வலி இல்லாதப்ப விளையாடத்தான் செய்யுறான்."

இந்த ஊர்ப் பக்கம் குழந்தை மருத்துவர்களின் அறைகளில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இது. அந்த மூன்று கேள்விகளுக்கு அம்மா சொன்ன பதிலிலேயே நோயின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. போன வாரம் சளிக் காய்ச்சல் கொண்டுவந்த வைரஸ், குடலோரத்துக் கணுக்களையும் விழிக்கச் செய்திருக்கிறது. ஓரிரு வாரத்தில், அதிகம் போனால் நாலு வாரத்தில், வலி தானாக அடங்கும். ஆனாலும் ரிப்போர்ட்டில் அச்சான அந்த எண் அம்மாவின் மனசை விட்டுப் போவதில்லை. அவரைப் பயமுறுத்தியது 11. ஸ்கேன் எடுத்த மருத்துவர் பார்த்தது 6.

கணுவை அளக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, தொப்புளுக்கு வலப்புறம் சற்றுக் கீழே கருவியை வைத்து மெதுவாக அழுத்துகிறார்கள். குடலில் இருக்கும் காற்று விலகினால்தான் பின்னால் இருப்பது தெரியும். திரையில் சாம்பல் நிறத்தில் நீள்வட்டமான ஒரு உருவம் வருகிறது. அதன் நடுவே வெள்ளையாக ஒரு கோடு. இரத்தக் குழாய்கள் நுழையும் இடத்தில் படிந்திருக்கும் கொழுப்பு அது. மருத்துவர் படத்தை நிறுத்தி, நீளவாட்டில் இரண்டு புள்ளி, குறுக்குவாட்டில் இரண்டு புள்ளி வைக்கிறார். இரண்டு எண்கள் கிடைக்கின்றன. நோய் பற்றிய முடிவுக்கு உதவுவது குறுக்களவுதான். ஆரோக்கியமான கணு நீளவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் நீண்டுகிடக்கலாம். உள்ளே புற்றுச் செல்களோ காசநோய்க் கிருமிகளோ குடியேறினால் அது உருண்டு திரளும், குறுக்களவு கூடும், நடுவிலிருக்கும் வெள்ளைக் கோடு அழிந்துபோகும்.

குழந்தைகளின் குடலோரக் கணுக்களுக்கு முன்பெல்லாம் 5 மி.மீ. என்ற எல்லையை வைத்திருந்தார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுநீரகக் கல் இருக்குமோ என்று சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்ட குழந்தைகளின் படங்களை எடுத்துக்கொண்டு, யாரும் தேடாத இந்தக் கணுக்களைத் தேடிப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு 5 மி.மீ.யைத் தாண்டிய கணுக்கள் இருந்தன. பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒன்றை நோய் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லையை 8 மி.மீ.க்கு உயர்த்த வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கணக்கில் நம் பையனின் 6 மி.மீ. கணு பெருத்ததே அல்ல.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் உங்கள் அளவுக்குப் பக்கத்திலேயே இயல்பான அளவு எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். படிக்கத் தெரிந்த யாரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த வசதி இல்லை. "இந்த வயதில், இந்த இடத்தில், குறுக்களவு 8 மி.மீ. வரை இயல்பு" என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ வீடுகளில் அன்றைய இராத்திரி தூக்கம் கெடாது. இது செலவில்லாத வேலை. தமிழில் சேர்த்தால் இன்னும் நல்லது.

நிணநீர்க் கணு நம் உடம்பில் 500-லிருந்து 800 வரை இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்தில் மட்டும். இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீர் மறுபடி இரத்தத்துக்குத் திரும்பும் வழியில் இந்தக் கணுக்களைக் கடந்துதான் போகவேண்டும். அந்த நீரோடு அந்தந்தப் பகுதியின் கிருமித் துணுக்குகளும் இறந்த செல்களின் சிதறல்களும் வந்து சேர்கின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் சுற்றுப்பட்ட கிராமங்களின் விளைச்சல் வந்து குவிவதும், சரக்கைப் பார்த்து வாங்க ஏற்கெனவே அங்கே வியாபாரிகள் காத்திருப்பதும் போலத்தான் கணுவுக்குள் நடக்கிறது. இலட்சக்கணக்கான வெள்ளணுக்கள் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு குறிப்பிட்ட கிருமித் துணுக்கை மட்டுமே அடையாளம் கண்டுகொள்ளும். தன் துணுக்கைச் சந்தித்த வெள்ளணு பெருகத் தொடங்குகிறது.

வீக்கம் எப்படி வருகிறது என்பது அழகான விஷயம். கிருமி வந்த தகவல் கிடைத்த சில மணி நேரத்தில், உள்ளே இருக்கும் வெள்ளணுக்கள் வெளியேறும் வழி தற்காலிகமாக அடைபடுகிறது. உள்ளே வருபவை வந்துகொண்டே இருக்கின்றன. கூட்டம் சேர்கிறது. கணுவுக்குள் தூண்களைப் போல நின்று அதன் வடிவத்தை இழுத்துப் பிடித்திருக்கும் செல்கள் உண்டு. 2014, 2015 ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகள், கிருமியைக் கொண்டுவரும் செல்கள் தொட்டதும் அந்தத் தூண்கள் பிடியைத் தளர்த்திக்கொடுக்கின்றன என்று காட்டின. கணு தானே இடம்விட்டு விரிகிறது. பிறகு வெள்ளணுக்கள் பல்கிப் பெருகுகின்றன. ஆக, தொற்றின்போது கணு வீங்குவது அது தன் வேலையைச் செய்வதற்கான அடையாளம்.

வேலை கொடுப்பவை நம் பக்கத்தில் ஏராளம். சொத்தைப் பல்லுக்குத் தாடைக்குக் கீழே நெறி கட்டும். தலையில் பேனும் சிரங்கும் இருந்தால் பிடரியில் கட்டும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும், சீமைக்கருவேல முள் குத்திக் குத்தி ஆறிய கால் உள்ளவர்களுக்கும் தொடையிடுக்கில் கணு தட்டுப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிறந்த குழந்தைக்கு இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசிக்கு இடது அக்குளில் சின்னதாகக் கட்டுவதுண்டு. கோவிட் தடுப்பூசி உலகத்துக்கே இந்தப் பாடத்தை நடத்தியது. 2021இல் ஊசி போட்ட கையின் அக்குளில் கணுக்கள் வீங்கின. அந்தச் சமயத்தில் மார்பகப் பரிசோதனைப் படம் எடுத்துக்கொண்ட பெண்கள் பலர் புற்றுநோய் பரவிவிட்டதோ என்று நடுங்கினார்கள். அந்த ஜனவரியிலேயே அமெரிக்காவின் மார்பகக் கதிரியக்க மருத்துவர் சங்கம், இரண்டாவது ஊசிக்கு நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து வழக்கமான படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவுரை வெளியிட்டது.

எந்த இடத்தில் எவ்வளவு என்பதும் முக்கியம். கழுத்திலும் அக்குளிலும் 1 செ.மீ. வரை பொறுக்கலாம். தொடையிடுக்கில் ஒன்றரை செ.மீ. வரை. முழங்கைக்கு மேலே உட்புறத்தில் அரை செ.மீ. தாண்டினாலே யோசிக்க வேண்டும். காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் கைக்குத் தட்டுப்படும் எந்தக் கணுவையும், எவ்வளவு சிறியதானாலும், சும்மா விடக்கூடாது. அந்தக் குழியின் இடப்பக்கத்துக்குத் தனிக் கதை உண்டு. கால்கள், வயிறு, குடல் எல்லாவற்றின் நிணநீரும் ஒரே பெரிய குழாயாகத் திரண்டு மார்புக்குள் ஏறி, இடது காறையெலும்புக்குப் பின்னால்தான் இரத்தத்தில் கலக்கிறது. அதனால் இரைப்பையில் ஒளிந்திருக்கும் புற்று, வயிற்றில் வலியே இல்லாமல், முதல் தடயத்தைக் கழுத்தில் காட்டலாம். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1848இல் இதைக் கவனித்து எழுதினார். ஃபிரான்ஸின் ஷார்ல் எமில் த்ருவாசியே 1889இல் மேலும் விரித்தார். கைவிரலை மட்டும் கொண்டு அவர்கள் கண்டது இது. நல்ல மருத்துவர் இன்றும் அந்தக் குழியில் விரல் வைத்துப் பார்க்காமல் நோயாளியை அனுப்புவதில்லை.

நெஞ்சு சி.டி.யில் 10 மி.மீ. குறுக்களவு என்பது பொதுவான எல்லை. இந்த எண் புனிதமானது அல்ல. 9 மி.மீ. கணுவுக்குள் புற்று இருக்கலாம், 16 மி.மீ. கணு பழைய நிமோனியாவின் மிச்சமாகவும் இருக்கலாம். கல்குவாரியில் வருஷக்கணக்கில் கல் உடைத்தவரின் நெஞ்சுக் கணுக்கள் பெருத்து, ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு படிந்து மெல்லிய ஓடு கட்டியதுபோலத் தெரியும். அது சிலிக்கா தூசியின் கையெழுத்து. அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்காத மருத்துவருக்கு அந்தப் படம் புரியாது.

இத்தனையும் சொன்னபின், நம் மண்ணுக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மேலைநாட்டு நூல்களைப் படித்துவிட்டு "நெறிக்கட்டி என்றால் ஒன்றும் இல்லாதது, இல்லாவிட்டால் புற்றுநோய்" என்று இரண்டே கதவு வைத்துக்கொண்டால் இங்கே தப்பாகப் போகும். நம்மிடம் நடுவில் ஒரு பெரிய கதவு இருக்கிறது. அது காசநோய். கழுத்தில் மாலை கோத்ததுபோல வரிசையாகக் கட்டி எழும்புவதைக் கண்டமாலை என்று சித்த மருத்துவம் வெகு காலமாக அறிந்திருந்தது. இங்கிலாந்தில் அதற்கு அரசர் கைபட்டால் குணமாகும் என்று நம்பினார்கள். பின்னாளில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை, சின்னக் குழந்தையாக இருந்தபோது 1712இல் இலண்டனுக்குத் தூக்கிப்போய் அரசி ஆனின் கையால் தொடச் செய்தார்கள். கட்டி போகவில்லை. கிருமி இன்னதென்று ராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24இல்.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். நம் நாட்டில் பதிவாகும் காசநோயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நுரையீரலுக்கு வெளியே வருவது. அதில் முதலிடம் நிணநீர்க் கணுவுக்குத்தான். கழுத்தில் வலியில்லாத கட்டி, சாயங்காலக் காய்ச்சல், சோர்வு, இளவயது. ஸ்கேனில் பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நடுவில் இருட்டாகத் தெரியும். உள்ளே திசு செத்துத் தயிர்க்கட்டியாகியிருப்பதால் அந்த இருட்டு. சில நாளில் மேல்தோல் சிவக்காமல், சுடாமல் மெத்தென்று பழுக்கும். இதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் புண் ஆறாது. மாதக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். பற்றுப் போட்டுக் காத்திருந்தாலும் உடைந்து அதே கதிதான்.

காசநோயும் புற்றுநோயும் கணுவுக்குள் ஒன்றைப்போல ஒன்று வேஷம் போடுவது மருத்துவத்தின் பழைய தலைவலி. இலண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த 7 பேரைப் பற்றி எழுதினார். நுண்ணோக்கி இல்லாமல், வெறுங்கண்ணால் பார்த்து எழுதியது. அவர் பெயரிலேயே அந்தப் புற்றுநோய் இன்று வழங்குகிறது. அருங்காட்சியகத்தில் காத்துவைத்திருந்த திசுக்களை 1926இல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, எல்லாம் அந்த ஒரே நோய் அல்ல என்று தெரியவந்தது. இடையில் 1898இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க், அந்த நோய்க்கே உரிய பெரிய செல்களைத் துல்லியமாக விவரித்துவிட்டு, இது காசநோயின் ஒரு விசித்திர வடிவம் என்று எழுதினார். இல்லை, இது தனி நோய் என்று 1902இல் வாதிட்டவர் அமெரிக்காவின் டோரதி ரீட் என்ற இளம்பெண் மருத்துவர். அந்தச் செல்லுக்கு இன்று இருவர் பெயரும் இருக்கிறது.

நூற்றுச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகும் அந்தக் குழப்பம் நம் ஊர்களில் தீரவில்லை. இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கழுத்தில் கட்டி, காய்ச்சல், ஸ்கேனில் பெரிய கணுக்கள் என்றதும் "இங்கே இது டி.பி.யாகத்தான் இருக்கும்" என்று ஊகித்து மாத்திரை தொடங்கிவிடுகிற பழக்கம் உண்டு. பல சமயம் ஊகம் சரியாகவும் அமையும். தவறும்போதுதான் விலை பெரியது. நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர் இரண்டு மூன்று மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டு, கட்டி வளர்ந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஹாட்ஜ்கின் நோய் பெரும்பாலோருக்குக் குணமாகக்கூடியது. அதனால் அந்த மாதங்கள் வீணாவதைப் பொறுக்க முடியவில்லை. மாண்டோ தோல் பரிசோதனையை நம்பியும் முடிவெடுக்க முடியாது. 2019-21இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்குக் காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்த அடையாளம் இருந்தது. கையில் தடிப்பு வருவதால் கழுத்துக் கட்டியும் காசநோய்தான் என்று ஆகிவிடாது. ஊகத்துக்கு மருந்து தராதீர்கள், கணுவிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாருங்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

எடுப்பது பயப்படுகிற அளவுக்குப் பெரிய காரியமும் இல்லை. எஃப்.என்.ஏ.சி. என்பது இரத்தம் எடுக்கிற ஊசியளவு மெல்லிய ஊசியால் செய்யும் பரிசோதனை. கட்டியை இரண்டு விரலுக்கு நடுவே நகராமல் பிடித்துக்கொண்டு ஊசியை நுழைத்து, உள்ளேயே நாலைந்து தடவை முன்னும் பின்னும் அசைத்து உறிஞ்சுகிறார்கள். ஊசிக்குள் வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, இன்னொரு தகட்டால் இழுத்துப் பரப்பி, உடனே ஆல்கஹாலில் முக்குகிறார்கள். காசநோயாக இருந்தால் வெள்ளையாகத் தயிர்போல வரும். பழகிய மருத்துவருக்கு அந்த நொடியிலேயே பாதி தெரிந்துவிடும். மொத்தம் ஐந்து நிமிஷம். மிச்சத் துளியை சி.பி.நாட் என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே கணுத் திசுவுக்கும் அதைப் பரிந்துரைத்தது. காசநோய்க் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது மசியுமா என்ற இரண்டு கேள்விக்கும் கருவி இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்கிறது. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி என்றால் நோயியல் துறை இருந்தாக வேண்டும். திசுவைப் பார்க்க மதுரை வரை போகவேண்டிய அலைச்சல் அந்த அளவுக்குக் குறைய வழி பிறந்திருக்கிறது.

"ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா கொன்னுடும்" என்ற பேச்சு நம்மிடம் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடுதான் தடுக்கிறார்கள். கணுவில் மெல்லிய ஊசி குத்துவதால் நோய் பரவி ஆயுள் குறைவதில்லை. குத்தாமல் தள்ளிப்போட்ட மாதங்களில் பரவியதைத்தான் மக்கள் ஊசியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஊசியில் முடிவு தெரியாவிட்டால், நிணநீர்ப் புற்று என்ற சந்தேகம் இருந்தால், முழுக் கணுவையே எடுத்துப் பார்ப்பது நல்லது. அந்தப் புற்றை அடையாளம் காணச் செல்கள் மட்டும் போதாது, அவை அடுக்கியிருக்கும் அமைப்பும் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் காய்ச்சலுக்கென்று ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ளக் கூடாது. ஸ்டீராய்டு பட்டதும் கட்டி கரைந்து, திசுவில் அடையாளம் மறைந்து, சில வாரம் கழித்து நோய் திரும்ப எழும்.

புகையிலையும் பான்மசாலாவும் மெல்லுகிற ஐம்பது வயதுக்காரரின் கழுத்தில் கல்போலக் கெட்டியாக, நகராமல் ஒரு கணு இருந்தால் வழி வேறு. முதலில் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் ஓரமும் அடியும், கன்னத்தின் உட்புறமும், தொண்டையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நோயின் வேர் அங்கே இருக்கும்.

காசநோயும் இல்லை, புற்றும் இல்லை என்று வருகிற பட்டியலும் நீளமானது. கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சலோடு வரும் இளம்பெண்களில் சிலருக்குக் கிகுச்சி நோய் இருக்கும். 1972இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது, ஆசியர்களிடம் அதிகம், சில மாதத்தில் தானாகவே போய்விடும். திசு எடுக்காமல் இதற்குக் காசநோய் மருந்து கொடுத்தால், மருந்தால்தான் குணமானது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

எல்லோருக்கும் உடனே ஊசி போடவேண்டுமா? வேண்டாம். நெதர்லாந்தில் 1988இல் வெளியான ஒரு கணக்கில், காரணம் தெரியாத நெறிக்கட்டியோடு குடும்ப மருத்துவரிடம் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் புற்று இருந்தது. 40 வயதுக்கு மேல் நூற்றுக்கு 4, அதற்குக் கீழே ஆயிரத்துக்கு 4. காசநோய் மிகுந்த நம் ஊருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், இளவயதில் சின்னக் கணுக்களில் பெரும்பாலானவை தானாகவே வற்றும் என்பது இங்கேயும் உண்மை. ஆகவே ஆபத்துக் குறி எதுவும் இல்லாதவருக்கு மருத்துவர் நாலிலிருந்து ஆறு வாரம் பொறுத்து மறுபடி பார்ப்போம் என்கிறார். இதைக் கைகழுவுவதாக நினைத்துவிட வேண்டாம். கணு சுருங்குகிறதா, அப்படியே நிற்கிறதா, வளர்கிறதா என்பது எந்தக் கருவியும் ஒரே நாளில் சொல்ல முடியாத விஷயம். ஸ்கேன் ஒரு நாளின் படத்தைத் தருகிறது. நோயின் போக்கு இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கிறது. இடையில் படுக்கையை நனைக்கிற இராத்திரி வியர்வை, காரணமில்லாமல் விடாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது ஆகியவை வந்தால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது.

அந்த ஆறு வாரம்தான் மனிதர்களை வாட்டுகிறது. கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. நாளைக்குப் பத்துத் தடவை அழுத்தினால் சும்மா இருக்கிற கணுவும் வலிக்கும். வலித்ததும் பயம் இரட்டிப்பாகும். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே விரலால் பார்த்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள், மற்ற நாளில் தொடாதீர்கள் என்று சொல்லும் மருத்துவர்கள் நோயாளியின் மனசு அறிந்தவர்கள். பயம் தாங்காமல் நேராகப் பெட் ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதும் நடக்கிறது. சர்க்கரையை வேகமாக உண்ணும் திசு எதுவானாலும் அதில் ஒளிரும். காசநோய்க் கணு புற்றுக்குச் சற்றும் குறையாமல் ஒளிரும். கடைசியில் மறுபடி ஊசிக்குத்தான் வரவேண்டியிருக்கும். வயிற்று சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு இயல்பாக மூன்று நாலு வருஷத்தில் சேர்வதற்குச் சமம். ஒரு தடவைக்குப் பயப்பட வேண்டியதில்லை. மனநிம்மதிக்காக மாதாமாதம் எடுப்பது தவறு. அல்ட்ராசவுண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

காசநோய் என்று திசுவில் உறுதியாகிவிட்டால், பாதை தெளிவானது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. குழந்தைகளின் கழுத்துக் கணுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும் என்று காட்டிய ஆய்வையும் அதே மையம்தான் 1990இல் வெளியிட்டது. அறுத்து எடுக்கத் தேவையில்லை. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2018 முதல் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டம் இருக்கிறது. நுரையீரலில் நோய் இல்லாமல் கணுவில் மட்டும் இருந்தால் அது அடுத்தவருக்குத் தொற்றாது. அம்மா அதே தட்டில் ஊட்டலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். இதைச் சொல்லாமல் விட்டதால் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர்.

மருந்து தொடங்கிய பிறகு வரும் ஒரு பயத்தையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் சிலருக்குக் கட்டி சுருங்குவதற்குப் பதில் பெருக்கும், புதிதாக ஒன்றிரண்டு எழும்பவும் செய்யும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் இருக்கும்: கொல்லப்பட்ட கிருமிகளின் சிதறல்களைக் கண்டு, தெம்பு திரும்பிய எதிர்ப்பாற்றல் சீறுகிறது. மருத்துவர் சீழை ஊசியால் உறிஞ்சி, மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு அதே மாத்திரைகளைத் தொடரச் சொல்வார். ஆறு மாதம் முடிந்தும் அரை செ.மீ., முக்கால் செ.மீ. அளவில் ஒரு கணு கழுத்தில் உருண்டுகொண்டிருக்கலாம். உள்ளே பெரும்பாலும் தழும்புத் திசுதான் இருக்கும். எடை ஏறியிருந்து, காய்ச்சல் இல்லாமல், கணு வளராமல் இருந்தால் அதற்கென்று மறுபடி ஆறு மாதம் மருந்து சாப்பிடத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும்.